ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னால் பன்னிரண்டு புதன்கிழமைகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் திரை போட்ட ட்ரையல் ரூம். அந்த ட்ரையல் ரூமுக்குள்தான் 2024 பிப்ரவரியிலிருந்து மே வரை, பன்னிரண்டு புதன்கிழமை மதியங்களில் எனக்கு மனநல சிகிச்சை நடந்தது. நூல்கண்டு டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, மதுரையில் இருந்த ஒரு மருத்துவ உளவியலாளரிடம் பேசினேன். போனது முதுகுவலிக்கு.

முதுகுவலிக்கு எதற்கு உளவியலாளர் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் மூன்று வருஷம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2020 தீபாவளிக்கு முந்தைய வாரம். லைனிங் துணிக் கட்டு ஒன்றைத் தரையிலிருந்து தூக்கும்போது இடுப்புக்கு மேலே சுரீரென்றது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஒப்புக்கொண்டதையெல்லாம் தைத்து முடித்தேன். பண்டிகை முடிந்தது, வலி முடியவில்லை. பொங்கலுக்குள் இடது காலில் முழங்கால் வரை இழுக்க ஆரம்பித்தது. கட்டுப் போடுகிறவரிடம் போனேன், எலும்பு டாக்டரிடம் போனேன், ஸ்கேன் எடுத்தேன். கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆனால் ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். "இனிமே குனியாதீங்கம்மா, கனம் தூக்காதீங்க." இந்த ஒரு வரி மட்டும் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

குனியக் கூடாது என்றதும் வாசலில் கோலம் போடுவதை விட்டேன். பஸ் குலுக்கினால் வலிக்கும் என்று கல்யாணம் காதுகுத்துக்குப் போவதை விட்டேன். மணலில் கால் புதையும் என்று சில்வர் பீச்சுக்குப் போவதை விட்டேன். ஒவ்வொன்றையும் விடும்போது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வீடு, கடை, மாத்திரை, கட்டில். அவ்வளவுதான் மிச்சம். பிறகு கடையும் பாதி நாள் பூட்டியிருந்தது.

அழுதுகொண்டே இருப்பதுதான் மனச்சோர்வு என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. மகள் காலேஜில் பரிசு வாங்கினேன் என்று போனில் சொன்னாள், "சரிம்மா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒருமுறை ஒரு டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு நிமிஷம் புரட்டிவிட்டு, "எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு" என்றார். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை உடம்பு நடுங்கியது. நான் நடிக்கிறேன் என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது. அதனாலேயே, மகள் உளவியல் சிகிச்சை என்று பேச்சை எடுத்தபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது.

என் மனதை மாற்றியவர் மாமியார். அத்தைக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் திருவதிகை. ஒரு ராத்திரி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "நாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்தப்ப இங்க நம்ம ஊர் சமண மடத்துலதான இருந்தாரு. அவங்களுக்குத் தெரிஞ்ச மந்திரமெல்லாம் பாத்தாங்க, கேக்கல. ராவோட ராவா திருவதிகைக்கு, அக்கா திலகவதிகிட்ட வந்தாரு. வலிக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்டி. நீ யார்கிட்டயும் சொல்றதே இல்ல." மறுநாள் மகளுக்கு போன் போட்டுச் சரி என்றேன்.

நேரில் போகலாம்தான். ஆனால் புதுச்சேரிக்குப் போக ஒரு மணி நேர பஸ், அப்புறம் காத்திருப்பு, அப்புறம் திரும்பி வர ஒரு மணி நேரம். இப்படி ஒரு நாள் போனால் இரண்டு நாள் கட்டிலில் கிடப்பேன். வாராவாரம் போவது நடக்காத காரியம். உள்ளூரிலேயே பார்க்கலாம் என்றால், என்னிடம் அளவு கொடுக்கிற பெண்களில் பாதிப் பேர் அந்தத் தெருவழியாகத்தான் போவார்கள். இன்னார் மனநல டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சாகிவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தத் தெம்பு இல்லை. வலியோடு இருக்கிற ஒருவரிடம் முதலில் ஊரை எதிர்த்து நில், பிறகு சிகிச்சை என்று சொல்வது நியாயமில்லை.

முதலில் மகள் ஒரு செயலியில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் வந்தார். எழுத்தில்தான் பேச்சு, அதுவும் பாதி ஆங்கிலம். "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று மூன்று பேர் மூன்று முறை சொன்னார்கள். என் முதுகைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான். இணையம் வழியாகக் கிடைக்கிற எல்லாம் சிகிச்சை இல்லை என்பது அப்போது புரிந்தது. இரண்டாவது முறை நானே மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். உங்கள் பதிவு எண் என்ன? நாள்பட்ட வலி உள்ளவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா? கடைசிவரை நீங்களேதான் பேசுவீர்களா, தமிழில்? மூன்றுக்கும் நேரான பதில் சொன்னவர்தான் மதுரை மேடம்.

முதல் நாள் மருத்துவ விஷயங்களைத்தான் முதலில் கேட்டார். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறதா, தொடையிடுக்கு மரத்துப்போகிறதா, கால் பலம் குறைகிறதா, காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் பேச்சு சிகிச்சைக்கு முன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை. இதையெல்லாம் கேட்காமல் நேராக மனதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவரிடம் முதுகுவலிக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அடுத்து ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள். பி.எச்.க்யூ-9 என்று பெயர், மொத்தம் 27 மதிப்பெண். கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வமின்மை எத்தனை நாள், தூக்கமின்மை எத்தனை நாள் என்று போகும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. மற்ற எட்டையும் சரசரவென்று சொல்லிவிட்டேன். அங்கே வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரைக்கு வெளியே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது. மேடம் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், "நானா எதுவும் பண்ணிக்கணும்னு இல்ல. ஆனா காலைல கண்ணு முழிக்கலன்னா நல்லாருக்கும்னு தோணும், பாதி நாளுக்கு மேல" என்றேன். இதை வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் மதிப்பெண் 19.

அவர் பதறவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சில விஷயங்களை அன்றே செய்ய வைத்தார். நான் இருக்கும் கடையின் முழு முகவரி, வீட்டு முகவரி, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு பேர் எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்து பேசுகிறவருக்கு இது தெரிந்திருக்கத்தான் வேண்டும். உங்களிடம் கேட்கவில்லை என்றால் நீங்களே கொடுங்கள். அன்று ராத்திரிக்குள் என் அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றார், சொன்னேன். வீட்டில் தேவைக்கு மேல் இருந்த மாத்திரைகள் அக்காவின் பொறுப்புக்குப் போயின. அந்த வாரமே ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அக்காவோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனேன். டுலாக்ஸெட்டின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் இரண்டுக்குமே கொடுக்கிற மாத்திரை அது. தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், மனநல மருத்துவர் எழுதுவார். எனக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த ஒன்பதாவது கேள்விக்கு என்னைப் போல் பதில் இருந்தால், வாராந்திர அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய சேவை; இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒரே எண்தான். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

மூன்றாவது வாரம் மேடம் கேட்டார்: "எப்பவாவது அடிபட்டும் வலி தெரியாம இருந்திருக்கா?" யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பதினொரு மணி. மஞ்சள் பட்டு ஜாக்கெட் ஒன்றுக்குக் கழுத்தில் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நாலு பேர் துணிக்காக நிற்கிறார்கள். மஞ்சள் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. எங்கிருந்து வந்தது என்று துணியைத் திருப்பிப் பார்க்கிறேன், பொட்டு இரண்டாகிறது. அப்புறம்தான் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நக ஓரத்தில் ஊசி இறங்கியிருந்தது. பார்த்த பிறகுதான் வலித்தது, அதுவும் உயிர் போகிற மாதிரி. அதுவரைக்கும் வலியே இல்லை.

"ஊசி ஏறினது நிஜம். வலிக்காம இருந்ததும் நிஜம். அதே மாதிரி, தசை ஆறின பிறகும் வலிக்கிறதும் நிஜம்தான்" என்றார் மேடம். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாசல் மாதிரி இருக்கிறது என்று சொன்னார்களாம். கீழேயிருந்து வருகிற செய்தி எவ்வளவு மேலே போகலாம் என்பதை மூளையும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பயம், கவலை, தூக்கமின்மை வாசலை அகலத் திறக்கும். கவனம் வேறிடத்தில் இருப்பது, பாதுகாப்பாக உணர்வது இதெல்லாம் வாசலைச் சாத்தும். உலக அளவில் வலியைப் பற்றி ஆராய்கிற சங்கம் 2020-ல் திருத்தி எழுதிய வரையறையும் வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றுதான் சொல்கிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இதைக் கேட்டபோது அந்த டாக்டர் சொன்ன வார்த்தையின் கனம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

எனக்கு அது என் தொழில் வழியாகத்தான் முழுதாகப் புரிந்தது. மெஷினில் நூல் இழுப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். டென்ஷன் என்றுதான் சொல்வோம். அது ஏறிப்போனால், துணி எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தையல் சுருக்கிக்கொண்டு வரும். புதிதாகக் கற்றுக்கொள்கிற பெண்கள் துணியைத்தான் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நானும் மூன்று வருஷமாகத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை மேடம் காட்டினார். 20 வயதில் இருப்பவர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்திருக்கிறது, எந்த வலியும் இல்லாமல். என் ரிப்போர்ட்டைப் பீரோவுக்குள் வைத்தது அன்றைக்குத்தான்.

சரி, திருகைக் குறைப்பது எப்படி? இங்கேதான் வேலை ஆரம்பித்தது. ஒரு வாரம் முழுக்க, மெஷினில் உட்கார்ந்து எத்தனை நிமிஷத்தில் வலி ஏற ஆரம்பிக்கிறது என்று குறிக்கச் சொன்னார். சராசரி 22 நிமிஷம் வந்தது. அப்படியானால் 15 நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எழுந்து இரண்டு நிமிஷம் நடந்துவிட்டுத் திரும்ப உட்கார வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! ஒரு தையல்காரிக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை. அலாரம் அடிக்கும்போது ஒரு கை ஏற்றியிருப்பேன். இன்னும் ஒரு கைதானே, முடித்துவிட்டு எழலாம் என்று தோன்றும். நல்ல நாள் வந்தால் நாலு மணி நேரம் ஒரேயடியாக உட்கார்ந்து தைத்துத் தள்ளுவேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கை. மூன்று வருஷமாக என் நாட்கள் இப்படி ஏறியும் விழுந்துமே போயிருக்கின்றன என்பது அந்தக் குறிப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வலி வந்த பிறகு ஓய்வெடுத்தால், வலிதான் முதலாளி. நேரம் பார்த்து ஓய்வெடுத்தால், நான் முதலாளி. இந்த வித்தியாசம் உடம்பில் உறைக்க ஆறு வாரம் ஆனது. வாரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட்டினோம். கெட்ட நாளில் குறைக்கவில்லை, நல்ல நாளில் கூட்டவில்லை. மே மாதம் முடியும்போது 35 நிமிஷம். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. வழக்கமாகத் தொண்ணூறு ஜாக்கெட் ஒப்புக்கொள்வேன். 45-ஓடு நிறுத்திவிட்டு, மீதியைப் பக்கத்துத் தெரு தம்பிக்குத் திருப்பிவிட்டேன். வருமானம் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் பண்டிகையன்று காலையில் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவை.

கோலத்துக்கும் இதே கணக்குதான். "குனிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று மேடம் கேட்டார். டிஸ்க் வெளியே வந்துவிடும் என்றேன். அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று கேட்டார். தொண்ணூறு. முதல் வாரம் நின்றபடி நாற்காலியில் இருக்கிற துணியை எடுத்தேன். பிறகு முக்காலியிலிருந்து. பிறகு தரையிலிருந்து ஒரு பாபினை. ஒவ்வொரு தடவையும் எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று குனிவதற்கு முன்னாடியும் பின்னாடியும் எழுதினேன். தொண்ணூறு, எழுபது, நாற்பது. வலித்தது, எதுவும் வெளியே வரவில்லை. கோலத்தில் மூன்று புள்ளியில் ஆரம்பித்து மூன்று வாரம் அதிலேயே நின்றேன். அப்புறம் ஐந்து புள்ளி. இதையெல்லாம் நீங்களாகச் செய்வதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மேடம் கேட்டுவரச் சொன்னார்.

எண்ணங்களை எழுதுகிற வேலையை அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் செய்தேன். ஒரு பெண் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். என் மனதில் உடனே எழுந்தது, 'கடை முடிஞ்சுபோச்சு, இனி நான் யாருக்கும் ஆகமாட்டேன்.' அதைக் கோடு போட்டு எழுதி, பக்கத்தில் இதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். அதே வாரத்தில் பதினோரு பேர் துணி கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய அளவு அதே நோட்டின் முன்பக்கத்தில் இருந்தது. நல்லதையே நினை என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எண்ணத்தையும் அளவெடுத்துப் பார் என்று சொல்லித்தந்தார்கள்.

ஒரு அமர்வில் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்தார். பாவம், அவர் அரை மணிக்கு ஒருமுறை "வலிக்குதா?" என்று கேட்பார். பாசம்தான். ஆனால் மறந்திருந்த வலியும் அந்தக் கேள்வியில் எழுந்து உட்காரும். அதற்குப் பதிலாக, "இன்னைக்கு என்ன தைச்ச?" என்று கேட்கலாமே என்றார் மேடம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி சாப்பிடும்போது, கொஞ்சம் தயங்கி, அப்படியே கேட்டார். நான் ஒரு பிரின்சஸ் கட் ஜாக்கெட்டைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார்.

இணையம் வழியாகப் பேசியதில் நான் கற்றுக்கொண்ட சின்ன விஷயங்கள் சில. தனியிடம் முக்கியம். வீட்டில் ஒரே ஹால் என்றால் கடை, மொட்டைமாடி, நிறுத்திவைத்த கார் எதுவும் ஆகும். அடுத்தவர் காதில் விழும் என்ற பயம் இருந்தால் உண்மை வாயில் வராது. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அவர் பேசுவதாவது வெளியே கேட்காது. படம் நின்று நின்று வந்தால் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் தொடருங்கள், குறை ஒன்றும் இல்லை. கரண்ட் போனால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உட்கார முடியாத நாளில் படுத்துக்கொண்டே பேசலாமா என்று கேளுங்கள். நான் இரண்டு தடவை கட்டிங் டேபிளில் படுத்தபடிதான் பேசினேன். நேரில் போகிற சிகிச்சையாக இருந்தால் அந்த இரண்டு நாளும் வரவில்லை என்று சொல்லியிருப்பேன். அமர்வு முடிந்ததும் உடனே வாடிக்கையாளரைப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷம் சும்மா இருங்கள். முகத்தைக் கழுவிக்கொள்ளவாவது நேரம் வேண்டும்.

செலவு, அமர்வுக்கு 900 ரூபாய். பன்னிரண்டுக்கும் சேர்த்து 10,800. இரண்டு ஸ்கேனுக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு. முடியாதவர்களுக்கு அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பலன் என்ன என்று நேராகச் சொல்கிறேன். பத்துக்கு ஏழாக இருந்த வலி இப்போது பெரும்பாலான நாட்களில் நாலு, ஐந்து. போகவில்லை. மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் என்ற அமைப்பு 75 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற இந்த வகை சிகிச்சையால் வலியும் முடக்கமும் மன வேதனையும் குறைவது சிறிய அளவில்தான். வலியைத் துடைத்தெடுத்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 19-ஆக இருந்த அந்த ஒன்பது கேள்வி மதிப்பெண் மே கடைசியில் 7. ஒன்பதாவது கேள்விக்கு, இல்லை. எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு பேச்சால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து நிமிஷத்தில் எழுந்திருக்க எந்த மாத்திரையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீடு ஆற்றுப் பக்கம். தண்ணீர் வாசல்படி ஏறும் முன்னால் அரிசி மூட்டை, மிக்சி, துணி எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம். பதினைந்து நிமிஷக் கணக்கெல்லாம் அன்று இல்லை. மூன்றாம் நாள் என்னால் புரண்டு படுக்க முடியவில்லை. வலி எட்டு. 'எல்லாம் பழையபடி ஆயிடுச்சு' என்ற எண்ணம் வந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, மேடமும் இல்லை.

ஆனால் மே மாதமே ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தோம், வலி திரும்பி வருகிற நாளுக்காக. என் கையெழுத்தில்: இது புதுக் காயம் இல்லை, வேலை கூடிப்போனதால் வந்தது. இரண்டு நாள் பாதி வேலை, முழுப் படுக்கை இல்லை. ஒரு மணிக்கு ஒருமுறை அறைக்குள் நடை. அக்காவுக்கு போன். ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ, கால் பலம் குறைந்தாலோ டாக்டர். போன் போகவில்லை, அக்காவே நேரில் வந்துவிட்டாள். மற்றதை அட்டைப்படி செய்தேன். ஒன்பதாம் நாள் ஐந்துக்கு இறங்கியது. மார்கழி பிறந்தபோது வாசலில் இன்னும் சேற்றுக் கறை இருந்தது. அதைக் கழுவிவிட்டு ஏழு புள்ளி வைத்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பூசணிப்பூவைச் சாணி உருண்டையில் செருகிக் கொடுத்தார்.

எங்கள் தெருமுனையில் பூ கட்டுகிற அக்காவுக்கு முழங்கால் வலி, ஆறேழு வருஷமாக. வீட்டுக்காரர் போன பிறகு தூக்கமும் இல்லை. ஜாக்கெட் வாங்க வந்தவரிடம் என் கதையைச் சொன்னேன். முதலில் 14416-ல் பேசினார். அங்கே சொன்னபடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது ஒரு உளவியலாளர் வாராவாரம் போனில் பேசுகிறார். அவருக்கு வீட்டில் மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். பேச இடமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என் கடைக்கு வந்துவிடுகிறார். ட்ரையல் ரூமில் நாற்காலியைப் போட்டு, அவருடைய போனை நூல்கண்டு டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு வெளியே வருகிறேன். அந்த முக்கால் மணி நேரம் மெஷினை ஓட்டுவதில்லை. சத்தம் வராத வேலையாக ஊக்கும் காஜாவும் எடுத்து வைத்திருக்கிறேன்.